மகளைக் கல்லூரியில் சேர்க்கப் போகிறீர்களா?
பணம் கட்டுமுன் கேட்க வேண்டிய கேள்விகள்

வத்தலக்குண்டு பஸ் நிலையம். மே மாதம். காலை நேரம்.

திண்டுக்கல் பஸ் ஒரு பக்கம் நிற்கிறது. பெரியகுளம் பஸ் இன்னொரு பக்கம் நிற்கிறது. கொடைக்கானல் மலைக்குப் போகிறவர்கள் மூட்டை முடிச்சுகளோடு இடம் பிடிக்க ஓடுகிறார்கள்.

அந்தக் கூட்டத்தில் ஒரு தகப்பனாரும் மகளும் நிற்கிறார்கள். தகப்பனாரின் கையில் ஒரு மஞ்சள் பை. பைக்குள் மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார் அட்டை, நாலைந்து போட்டோ. மகள் 12-ம் வகுப்பில் தேறிவிட்டாள். இனிக் கல்லூரியில் சேர வேண்டும்.

எந்த பஸ்ஸில் ஏறுவது?

இப்படிப்பட்ட தகப்பன்மாரை ஆண்டுதோறும் மே, ஜூன் மாதங்களில் இந்த ஊரில் பார்க்கலாம். ஒருவர் கொடிக்காலில் வெற்றிலை கிள்ளுகிறவராக இருப்பார். ஒருவர் மல்லிகைத் தோட்டம் வைத்திருப்பார். இன்னொருவர் பெட்டிக் கடைக்காரர். இவர்களில் பலர் அதுவரை கல்லூரி வாசலை மிதித்ததில்லை. மகளோடுதான் முதன்முதலாக அங்கே போகிறார்கள்.

அரசாங்கக் கல்லூரியில் இடம் கிடைத்தால் செலவு குறைவு. அங்கே இடம் கிடைக்கவில்லை, அல்லது தூரம் அதிகம் என்றால், பக்கத்தில் உள்ள சிறிய தனியார் கல்லூரியைத்தான் நினைக்கிறார்கள். அதுவும் சரிப்படாவிட்டால், "படித்தது போதும், வீட்டில் இரு" என்று சொல்லிவிடுகிற வீடுகளும் உண்டு. ஆகவே அந்த மஞ்சள் பைக்குள் இருப்பது வெறும் காகிதம் அல்ல. ஒரு பெண்ணின் வாழ்க்கை.

ராஜம் ஐயர் போன வழி

வத்தலக்குண்டுக்குப் படிப்பு புதிது அல்ல. வெற்றிலைக்குண்டு என்ற பெயர்தான் வத்தலக்குண்டு ஆயிற்று என்பார்கள். வெற்றிலைக்குப் பேர் போன இந்த ஊர், எழுத்துக்கும் பேர் போனது.

தமிழின் முதல் நாவல்களில் ஒன்றான "கமலாம்பாள் சரித்திர"த்தை எழுதிய ராஜம் ஐயர் 1872-ம் ஆண்டில் இங்கே பிறந்தார். தேச விடுதலைக்காகச் சிறை சென்ற சுப்பிரமணிய சிவா 1884-ம் ஆண்டில் பிறந்ததும் இங்கேதான். "மணிக்கொடி" எழுத்தாளர் பி.எஸ். ராமையாவுக்கும் இதுவே சொந்த ஊர்.

ராஜம் ஐயர் பட்டம் பெற எங்கே போனார் தெரியுமா? சென்னைக்குப் போனார். கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தார். அந்த நாளில் வத்தலக்குண்டுப் பையன் கல்லூரியில் படிக்க வேண்டுமானால் ஊரை விட்டுப் போகத்தான் வேண்டும்.

மதுரையில் 1881-ல் அமெரிக்கன் கல்லூரி தோன்றியது. 1889-ல் மதுரைக் கல்லூரி வந்தது. ஆனால், மதுரையில் தங்க வேண்டும். சாப்பிட வேண்டும். சம்பளம் கட்ட வேண்டும். வசதி உள்ள வீட்டுப் பையன்களுக்கே அது முடிந்தது.

பெண்கள் அதைவிட அதிக காலம் காத்திருந்தார்கள். பெண்களுக்கான லேடி டோக் கல்லூரி மதுரையில் 1948-ம் ஆண்டுதான் வந்தது.

கல்லூரி தேடி வந்தது

சுதந்திரம் வந்த பிறகு நிலைமை மாறியது. 1947-ல் டாக்டர் சவுந்தரம் அம்மையார், சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினார். 1956-ல் அங்கே கிராமியக் கல்வி நிலையம் ஏற்பட்டது. 1976-ல் அது நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆயிற்று.

திண்டுக்கல்லில் 1964-ல் ஜி.டி.என். கல்லூரி வந்தது. 1966-ல் அரசு மகளிர் கல்லூரி வந்தது. அதே 1966-ல் மதுரைப் பல்கலைக்கழகமும் தோன்றியது. அதுவரை இந்தப் பக்கத்துக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருந்தன. 1970-ல் கருமாத்தூரில் அருள் ஆனந்தர் கல்லூரி வந்தது. 1971-ல் பெரியகுளத்தில் பெண்களுக்காக ஜெயராஜ் அன்னபாக்கியம் கல்லூரி வந்தது.

காலையில் போய் மாலையில் வீடு திரும்பலாம் என்ற நிலை வந்தது. "பெண்ணைத் தனியாக வெளியூரில் விட மாட்டேன்" என்று சொன்ன தாயும், "பஸ்ஸில் போய் வருவாள்" என்று சொல்லத் தொடங்கினாள்.

பிறகு 1980-களில் சுயநிதிக் கல்லூரிகள் தோன்றின. சிறிய ஊர்களுக்குப் பக்கத்திலும் கல்லூரிக் கட்டிடங்கள் எழும்பின. கல்லூரியைத் தேடி அலைந்த காலம் போயிற்று. எந்தக் கல்லூரி என்று தேர்ந்தெடுக்க வேண்டிய காலம் வந்தது.

இரண்டு வகைச் சம்பளம்

தனியார் கல்லூரி என்றால் எல்லாம் ஒன்று அல்ல. இதைப் பெற்றோர் முதலில் தெரிந்து கொள்ள வேண்டும்.

ஒரு வகை, அரசு உதவி பெறும் கல்லூரி. நடத்துவது தனியார். ஆனால் ஆசிரியர்களுக்குச் சம்பளம் தருவது அரசாங்கம். ஆகவே மாணவர்கள் கட்ட வேண்டிய தொகை குறைவு. ஆபீசில் இதை "எய்டட்" என்பார்கள்.

இன்னொரு வகை, சுயநிதிக் கல்லூரி. இதற்கு அரசாங்கப் பணம் வராது. மாணவர்கள் கட்டும் பணத்தில்தான் எல்லாம் நடக்க வேண்டும். இதை "செல்ப் பைனான்ஸ்" என்பார்கள்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒரே கல்லூரியில் இரண்டும் இருக்கலாம். ஒரே பி.காம். படிப்பு, எய்டட் பிரிவில் ஒரு கட்டணம், செல்ப் பைனான்ஸ் பிரிவில் வேறு கட்டணம் என்று இருக்கும். "அந்தக் கல்லூரியில் சம்பளம் குறைவாம்" என்று பக்கத்து வீட்டில் சொன்னதை நம்பிப் போவார்கள். பணம் கட்டும்போதுதான் விஷயம் தெரியும்.

ஆகவே விண்ணப்பத்தை வாங்கியதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: "என் மகள் கேட்கிற பாடம் எய்டடா, செல்ப் பைனான்ஸா?"

பட்டம் தருவது யார்?

அடுத்த கேள்வி, பட்டம் பற்றியது.

இதுபோன்ற சிறிய கல்லூரிகள் பாடம் நடத்தும். பட்டம் தருவது பல்கலைக்கழகம். கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது என்று கேட்க வேண்டும். அத்தோடு நிறுத்திவிடக் கூடாது. மகள் சேரப் போகிற பாடத்துக்கும் இணைப்பு உண்டா என்று கேட்க வேண்டும். கல்லூரிக்கு இணைப்பு இருந்தாலும், புதிதாகத் தொடங்கிய பாடத்துக்கு இன்னும் அனுமதி வராமல் இருக்கலாம்.

பாடத்தின் பெயரையும் பார்க்க வேண்டும். இப்போது புதுப் புதுப் பெயர்களில் படிப்புகள் வருகின்றன. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஆசிரியர் வேலைக்கோ அரசு வேலைக்கோ போகும்போது, "இந்தப் பட்டம் பழைய பட்டத்துக்குச் சமம் என்று அரசாணை உண்டா?" என்று கேட்பார்கள். மூன்று ஆண்டு படித்த பிறகு அந்த அரசாணையைத் தேடி அலைவதைவிட, சேருமுன் கேட்பது சுலபம்.

மொத்தச் செலவு எவ்வளவு?

மூன்றாவது கேள்வி பணம்.

"சம்பளம் எவ்வளவு?" என்று மட்டும் கேட்டால் போதாது. பரீட்சைக் கட்டணம் தனி. கல்லூரி பஸ் கட்டணம் தனி. ஆஸ்டல் தனி. சீருடை, புத்தகம் தனி. படிப்பு மூன்று வருடம். பரீட்சை ஆறு பருவம். ஆகவே, "மூன்று வருடத்துக்கும் சேர்த்து எவ்வளவு ஆகும்? எழுதிக் கொடுங்கள்" என்று கேட்க வேண்டும்.

இதைக் கேட்க வெட்கப்பட வேண்டாம். மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம். மகளின் படிப்புக்குப் பணம் கட்டும்போது கேள்வி கேட்டால் குற்றமா?

கட்டும் பணம் ஒவ்வொன்றுக்கும் ரசீது வாங்க வேண்டும். ரசீது இல்லாமல் "நன்கொடை" கேட்டால் உஷாராக வேண்டும். நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் நன்கொடை வாங்கிக் கொண்டு இடம் தருவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1992-ம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது.

ஒரிஜினல் உங்களுடையது

பல பெற்றோர் ஏமாறுகிற இடம் இது. "ஒரிஜினல் சர்டிபிகேட் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுப் போங்கள்" என்று ஆபீசில் சொன்னால், பையோடு கொடுத்துவிடுகிறார்கள். பிறகு வேறு கல்லூரியில் நல்ல இடம் கிடைக்கிறது. போய்க் கேட்டால், "முழுப் பணத்தையும் கட்டினால்தான் சர்டிபிகேட்" என்ற பதில் வருகிறது.

இதைத் தடுக்கப் பல்கலைக்கழக மானியக் குழு 2018-ம் ஆண்டில் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. மதிப்பெண் பட்டியல் முதலிய ஒரிஜினல்களைக் கல்லூரி வாங்கி வைத்துக் கொள்ளக் கூடாது. சேரும்போது சரிபார்த்து, உடனே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மாணவர் கையெழுத்திட்ட நகல் போதும்.

பணத்துக்கும் அதில் விதி உண்டு. மாணவர் சேர்க்கைக்கு அறிவித்த கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது "வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்தால், முழுக் கட்டணமும் திரும்ப வரவேண்டும். அலுவலகச் செலவுக்கு ஒரு சிறு தொகை மட்டும் பிடிக்கலாம். 15 நாளுக்குக் குறைவாக இருந்தால் 90 சதவீதம். கடைசித் தேதி கழிந்து 15 நாளுக்குள் என்றால் 80 சதவீதம். அதற்கு மேல் 30 நாள் வரை 50 சதவீதம். அதன் பிறகு கிடையாது. பிற்பாடு சில ஆண்டுகளில் மானியக் குழு இதைவிடத் தாராளமான தேதிகளை அறிவித்ததும் உண்டு.

இன்னொன்று. அந்தந்தப் பருவத்துக்கு அல்லது ஆண்டுக்கு உரிய கட்டணத்தைத்தான் முன்கூட்டி வாங்கலாம். மூன்று வருடப் பணத்தையும் ஒரேயடியாகக் கட்டச் சொல்லக் கூடாது. கல்லூரியின் விவரப் புத்தகத்தை விலை கொடுத்து வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

பணம் வருகிற வழி

செலவை மட்டும் எண்ணிப் பயப்பட வேண்டாம். வரவும் உண்டு.

அரசுப் பள்ளியில் 6-ம் வகுப்பு முதல் 12-ம் வகுப்பு வரை படித்த பெண்கள் மேலே படித்தால், மாதம் 1,000 ரூபாய் தரும் "புதுமைப் பெண்" திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. பையன்களுக்கு "தமிழ்ப் புதல்வன்" திட்டம் 2024 ஆகஸ்டில் வந்தது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிள்ளைகளுக்கு, குடும்ப வருமானம் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கல்வி உதவித்தொகை உண்டு. பிற்படுத்தப்பட்டோருக்கும் தனி உதவித்தொகைகள் உண்டு.

இவற்றுக்குச் சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் கைவசம் இருக்க வேண்டும். கடைசி நாளில் இ-சேவை மையத்துக்கு ஓடினால் கூட்டம் நெரியும். வங்கிக் கணக்கு மகளின் பெயரிலேயே இருப்பது நல்லது. விண்ணப்பத்தில் உள்ள பெயரும், முதலெழுத்தும், பிறந்த தேதியும் ஆதார் அட்டையில் உள்ளதோடு ஒத்துப் போகிறதா என்று பார்க்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் உதவிப் பணம் வழியில் நின்றுவிடும்.

சிறியது மட்டமா?

சிறிய கல்லூரி என்றால் மட்டமான கல்லூரி என்று நினைப்பது தவறு. வகுப்பில் பிள்ளைகள் குறைவாக இருந்தால் ஆசிரியருக்கு ஒவ்வொருவர் பெயரும் தெரியும். இரண்டு நாள் வராவிட்டால் வீட்டுக்குப் போன் வரும். தமிழ் வழியில் படித்துவிட்டு வந்த பெண், ஆங்கிலப் பாடத்தைக் கண்டு மிரளும்போது, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க ஆள் இருக்கும்.

சிறிய கல்லூரிக்கு ஆபத்தும் உண்டு. போதிய பிள்ளைகள் சேராவிட்டால் அந்தப் பாடத்தையே நிறுத்திவிடலாம். ஆசிரியர்கள் அடிக்கடி மாறலாம்.

உண்மையைக் கண்டுபிடிக்க ஒரே வழி, நேரில் போய்ப் பார்ப்பதுதான். வேலை நாளில் போக வேண்டும். நூலகம் திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பெண்கள் கழிப்பறையைப் பார்க்க வேண்டும். வாசலில் நிற்கும் இரண்டாம் வருட மாணவியிடம், "வகுப்பு ஒழுங்காக நடக்கிறதா, அம்மா?" என்று கேட்க வேண்டும். பளபளப்பான விளம்பரம் சொல்லாததை அந்தப் பெண் சொல்லிவிடுவாள்.

ஜன்னல் ஓரத்தில்

பஸ் நிலையத்தில் நின்ற தகப்பனாரும் மகளும் இப்போது ஒரு கல்லூரி அலுவலகத்தின் ஜன்னல் முன் நிற்கிறார்கள். விண்ணப்பத்தை மகளே பூர்த்தி செய்துவிட்டாள். தகப்பனார் மெதுவாகத் தம் பெயரை எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்.

"ஒரிஜினல் எல்லாம் கொடுங்க. பணத்தையும் இன்னிக்கே கட்டிடுங்க. சீட்டு ஒண்ணு ரெண்டுதான் இருக்கு" என்கிறார் குமாஸ்தா.

தகப்பனார் பைக்குள் கையை விடுகிறார். மகள் அவர் கையை மெல்லப் பிடிக்கிறாள்.

"சார், பி.காம். எய்டடா, செல்ப் பைனான்ஸா?"

குமாஸ்தா நிமிர்ந்து பார்க்கிறார். "செல்ப் பைனான்ஸ்தாம்மா."

"மூணு வருஷத்துக்கும் என்ன ஆகும்னு எழுதிக் கொடுங்க, சார். நகல் தர்றோம். ஒரிஜினலைப் பாத்துட்டுக் கொடுத்துடுங்க."

குமாஸ்தா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு ஒரு காகிதத்தை எடுத்து எழுதத் தொடங்குகிறார்.

தகப்பனார் மகளையே பார்த்துக் கொண்டு நிற்கிறார். அவள் படிப்பு வீண் போகாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.