பிட்காயின் நோடின் முதல் ஒத்திசைவு
புதிதாக நிறுவப்படும் பிட்காயின் நோடு, 2009 ஜனவரியில் உருவான முதல் பிளாக்கிலிருந்து இன்றுவரை உள்ள அனைத்தையும் இறக்கிச் சரிபார்க்கிறது. அந்தத் தரவின் அளவு 600 ஜிபியைத் தாண்டிவிட்டது. இந்த ஒத்திசைவு தாமதமானால் இணையத்தைக் குறை சொல்வதே வழக்கம். ஆனால் பெரும்பாலும் குற்றவாளி ஹார்டு டிஸ்க்தான். இன்னும் செலவாகாத காசுகளின் பட்டியலை ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் தேடித் திருத்த வேண்டியிருப்பதால், சுழலும் தட்டு திணறிவிடும். அந்தப் பட்டியலை எஸ்.எஸ்.டி.யில் வைத்து, ‘டிபிகேச்’ அமைப்பில் கூடுதல் ரேம் ஒதுக்கினால் வேகம் வெகுவாகக் கூடும். 2017இல் வந்த பிட்காயின் கோர் மென்பொருளின் 0.14 பதிப்பு முதல், பழைய பிளாக்குகளின் கையொப்பச் சோதனை தவிர்க்கப்படுகிறது. மற்ற விதிகள் சோதிக்கப்படவே செய்கின்றன. தெரிந்தவரின் தரவுக் கோப்புறையை நகலெடுப்போரும் உண்டு. வேகமான வழிதான், ஆனால் சரிபார்க்கும் வேலையை அவரிடமே விட்டுவிடுவதாகும். ஒத்திசைவு முடிந்தபின் கேச் அளவைக் குறைத்துக்கொள்ளலாம்.