கஞ்சாவும் மனநோயும்: காரணம் எங்கே?

தம் மகனுடைய மனநோய்க்குக் கஞ்சாவே காரணம் என்று துயரத்தோடு கூறும் பெற்றோரை நாம் சந்திக்கிறோம். அவனோடு கூடிப் புகைத்த தோழர் யாவரும் நலமாயிருக்க, இவனுக்கு மட்டும் இந்நிலை ஏன் என்று வினவும் உறவினரையும் காண்கிறோம். இவ்விரு கூற்றுகளிலும் உண்மையின் ஒரு பகுதி உண்டு. இரண்டையும் இணைத்து நோக்கினாலன்றி, நம்மை நாடி வருவோருக்குத் தக்க ஆலோசனை கூற இயலாது.

1. பழைய வினா

இவ்வினா நம் நாட்டிற்குப் புதியதன்று. 1893-ஆம் ஆண்டில் ஆங்கில அரசு நியமித்த ஆய்வுக்குழு ஒன்று, கஞ்சாவின் விளைவுகளை ஆராயும்பொருட்டு மனநோயாளர் விடுதிகளின் பதிவேடுகளையும் பரிசோதித்தது. நோயின் காரணம் கஞ்சா என்று பலருக்கு எழுதப்பட்டிருந்தது. ஆயின் தக்க விசாரணையின்றியே அவ்வாறு எழுதப்பட்டமை பல இடங்களில் வெளியாயிற்று. எனினும் அக்குழு கஞ்சாவைக் குற்றமற்றதென்று விட்டுவிடவில்லை. மிதமிஞ்சிய பழக்கம், சிறப்பாக மனவலிமை குன்றியோரிடத்தும் பரம்பரைச் சார்பு உடையோரிடத்தும், மனநோயை விளைவிக்கக்கூடும் என்று 1894-இல் அறிக்கையிட்டது.

2. பிற்கால ஆய்வுகள்

சுவீடன் நாட்டில் 1969, 1970-ஆம் ஆண்டுகளில் இராணுவப் பணிக்கு அழைக்கப்பட்ட 45,570 இளைஞரின் வரலாற்றை மருத்துவர்கள் 15 ஆண்டுகள் தொடர்ந்து நோக்கினர். 1987-இல் வெளியான முடிவின்படி, 50 தடவைக்கு மேல் கஞ்சாவைப் பயன்படுத்தியிருந்தோர் மனச்சிதைவு நோய்க்குள்ளாகும் அபாயம், அதைத் தொடாதவருக்கு உள்ளதைப் போல் 6 மடங்காயிருந்தது. குடும்பநிலை, முன்னரே இருந்த மனக்கோளாறு முதலியவற்றைக் கணக்கிற் கொண்டபோது இவ்வேறுபாடு பெரிதும் குறைந்தது, ஆயினும் மறையவில்லை. மிகுதியாகப் பயன்படுத்தியோரிலும் பெரும்பாலோர்க்கு இந்நோய் வரவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது.

1964-இல் கஞ்சாவிலிருந்து பிரித்தறியப்பட்ட டி.எச்.சி. என்னும் பொருளே மயக்கத்தைத் தருவது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர், மருந்தினால் நிலைப்பட்டிருந்த மனச்சிதைவு நோயாளர் சிலருக்கு அவர்தம் இசைவோடு இப்பொருளைச் சிறிதளவு செலுத்தினர். அவர்களுடைய நோய்க்குறிகள் சிறிது நேரம் மீண்டும் தலைதூக்கின. நலமுள்ளோரைவிட அவர்கள் மிகுதியாகப் பாதிக்கப்பட்டனர். இது 2005-இல் வெளியான செய்தி. ஆகவே ஒருவருக்குச் சிறிதளவாயிருப்பது மற்றொருவருக்குப் பேரளவாகலாம்.

3. எவ்வாறு நிகழ்கிறது?

நரம்பணுக்கள் தமக்குள் அனுப்பும் செய்திகளை மட்டுப்படுத்தும் பொருள் ஒன்றை மூளை தானே சுரக்கிறது. 1992-இல் அதைக் கண்டறிந்தோர், 'ஆனந்தம்' என்னும் வடசொல்லையொட்டி 'ஆனந்தமைட்' என்று அதற்குப் பெயரிட்டனர். அது பொருந்துதற்குரிய இடங்களையே டி.எச்.சி. வந்து பற்றிக்கொள்கிறது. சுரப்பு தேவைக்கேற்பத் தோன்றி விரைவில் மறையும், டி.எச்.சி.யோ நெடுநேரம் நின்று, செய்திகளின் ஒழுங்கைக் குலைக்கிறது. அவ்வொழுங்கு முன்னரே தளர்ந்துள்ளவர்க்குச் சந்தேகமும் அச்சமும் மாயக்குரல்களும் எளிதில் எழுகின்றன. இளம்பருவத்து மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருப்பதால், அப்பருவத்தில் தொடங்கும் பழக்கம் மிகவும் கேடானது.

4. மதுவும் புகையிலையும்

சட்டம் தடை செய்யாத பொருள்களும் இவ்வாறே ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன. நாள்தோறும் மிகுதியாகக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால், பெரும்பாலும் 6 முதல் 48 மணி நேரத்திற்குள் வலிப்பு வரக்கூடும். வலிப்பு நோயுள்ளவர்க்கு இவ்வபாயம் இன்னும் மிகுதி. மனச்சிதைவுக்கு அளிக்கப்படும் குளோசபின் என்னும் மருந்தைப் புகையிலைப் புகை உடலினின்று விரைவாக வெளியேற்றுகிறது. புகைப்போர்க்கு அதன் அளவைக் கூட்டவேண்டியதாகிறது. புகைத்தலைத் திடீரென விட்டாலோ, அதே அளவு மருந்து இரத்தத்தில் பெருகி நஞ்சாகலாம். எனவே விடுவது நற்செயலேயாயினும், அதையும் மருத்துவர் அறிந்திருத்தல் வேண்டும்.

5. ஆலோசனை கூறுவோர் கவனிக்க வேண்டியவை

முதலாவது, 'போதையால் வந்தது; போதை நின்றால் நோயும் நீங்கும்; மாத்திரை எதற்கு?' என்னும் கூற்றை நாம் ஆதரித்தலாகாது. கஞ்சாவினால் உண்டான மனநோய் எனக் கணிக்கப்பட்ட 535 பேரை டென்மார்க்கில் தொடர்ந்து நோக்கியபோது, அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர்க்குப் பின்னர் மனச்சிதைவு வகை நோய் நிலைபெற்றது. மாத்திரையை நிறுத்தும் முடிவு மருத்துவருக்குரியது.

இரண்டாவது, குடும்பத்தில் முன்னரே மனநோய் உண்டாயின், அதை மறைக்காமல் பிள்ளைகளுக்குத் தக்க வயதில் அறிவிப்பது நன்று. எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லும் எச்சரிக்கை இவர்களுக்குப் போதாது.

மூன்றாவது, நோயாளி தாம் பயன்படுத்துவதை மருத்துவரிடம் ஒளியாது கூறும்படி துணைநிற்க வேண்டும். உறக்கமின்மையையும் அச்சத்தையும் தணிக்கவே பலர் இப்பொருள்களை நாடுகின்றனர். கடிந்துகொண்டால் பழக்கம் ஒழிவதில்லை, உண்மைதான் ஒளிந்துகொள்கிறது. நோய் கண்டபின் கஞ்சாவை விட்டொழித்தோர், தொடர்ந்து பயன்படுத்துவோரைவிட நலமாயிருப்பது ஆய்வுகளிற் காணப்படுகிறது. இதை நம்பிக்கையோடு எடுத்துரைக்கலாம்.

இறுதியாக, 'எங்கள் மகன் தானே தேடிக்கொண்டானா?' என்று பெற்றோர் கேட்கையில், 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ ஒரு சொல்லில் விடையளிக்க நமக்கு ஆதாரமில்லை. தோழரைப்போலவே அவனும் புகைத்தான். அவனுடைய மூளை அவர்களுடையதைப்போல அதைத் தாங்கவில்லை. இதை அவர்களுக்கு விளக்கி, மருத்துவரிடம் அழைத்துச் செல்லவும், வீட்டில் அவனுக்குரிய இடத்தை அவனுக்கு வைத்திருக்கவும் நாம் உதவுவோமாக.