கணினித் திரையில் கேமரன் மலை

கேமரன் மலைக்குப் போய் வந்த குடும்பங்களின் படத்தொகுப்பில் ஒரு படம் நிச்சயம் இருக்கும். பின்னால் அலையலையாகத் தேயிலைத் தோட்டம். முன்னால் குளிராடையோடு பிள்ளைகள். புகைப்படக் கருவி ஒரு நொடியில் பதிவு செய்யும் அந்தக் காட்சியைக் கணினியில் உருவாக்கிக் காட்டும்படி ஒரு மாணவனிடம் சொன்னால், ஒரு தவணை முழுவதும் போதாமல் போகலாம்.

மல்டிமீடியா, அனிமேஷன் பயிலும் மாணவர்கள் முப்பரிமாண இயற்கைக் காட்சி ஒன்றைப் பயிற்சித் திட்டமாகச் செய்வது வழக்கம். பெற்றோர் பலருக்கு இது கணினி விளையாட்டைப் போலத் தோன்றும். ஆனால் கணிதம், நில அளவை, தாவரவியல், வரலாறு என நான்கு பாடங்கள் இதற்குள் அடங்கியிருக்கின்றன.

மலை எங்கிருந்து வருகிறது?

முதல் வேலை நிலத்தை அமைப்பது. இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கற்பனை மலை. அமெரிக்காவின் போயிங் நிறுவனத்தில் பணியாற்றிய லோரன் கார்பெண்டர், 1980ஆம் ஆண்டில் இரண்டு நிமிடக் குறும்படம் ஒன்றில் இதைச் செய்து காட்டினார். ஒரு முக்கோணத்தைச் சிறு முக்கோணங்களாகப் பிரித்து, ஒவ்வொரு நடுப்புள்ளியையும் சற்று மேலோ கீழோ தள்ள வேண்டும். இதையே திரும்பத் திரும்பச் செய்தால் கரடுமுரடான மலை கிடைக்கும்.

இரண்டாவது, உண்மை மலை. 2000ஆம் ஆண்டு பிப்ரவரியில் எண்டவர் விண்ணோடம் 11 நாள் பூமியைச் சுற்றி, உலக நிலப்பரப்பில் ஏறக்குறைய 80 விழுக்காட்டின் உயரத்தை ரேடார் மூலம் அளந்தது. 30 மீட்டருக்கு ஒரு புள்ளி என்ற அளவில் அந்த விவரங்கள் இன்று இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றைக் கறுப்பு வெள்ளைப் படமாக மாற்றலாம். பள்ளம் கறுப்பாகவும் மேடு வெள்ளையாகவும் இருக்கும். பிளெண்டர் போன்ற இலவச மென்பொருள் அந்தப் படத்தை வாசித்து நிலத்தை உயர்த்தும். 2,000 மீட்டரைத் தாண்டிய பிரிஞ்சாங் சிகரம் சில நிமிடங்களில் திரையில் எழுந்து நிற்கும்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அடர்ந்த காட்டில் அந்த ரேடார் பெரும்பாலும் மர உச்சிப் பகுதியைத்தான் அளந்தது, தரையை அல்ல. அதனால் காடு முடிந்து தேயிலை தொடங்கும் இடத்தில், இல்லாத ஒரு மேடு தெரியும். அந்த இடத்தை அறியாத மாணவன் அதையும் மலை என்றே நம்பிவிடுவான்.

ஆயிரம் செடிக்கு ஒரு புள்ளி

அடுத்தது செடி. ஒரு ஹெக்டரில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தேயிலைச் செடிகள் நடப்படுவதுண்டு. அப்படிப் பார்த்தால் 30 மீட்டர் சதுரத்துக்குள் ஏறத்தாழ ஆயிரம் செடிகள். ஒரு சதுர கிலோமீட்டருக்குப் பத்து லட்சம். அத்தனையையும் தனித்தனியாக வரைந்தால் எந்தக் கணினியும் திணறும். ஆகவே ஐந்தாறு செடிகளை மட்டும் நுணுக்கமாக உருவாக்கி, அவற்றையே திருப்பியும் சிறிது பெரிதாக்கியும் மலையெங்கும் நிறுத்துகிறார்கள். கணினி ஒரு செடியின் வடிவத்தை ஒரு முறை மட்டுமே நினைவில் வைக்கும். மற்றவற்றுக்கு அவை நிற்கும் இடம், அளவு, திசை மட்டும் போதும்.

செடியின் கிளைகளைக் கணக்கால் வளர்க்கவும் வழி உண்டு. ஹங்கேரியில் பிறந்த தாவரவியலாளர் அரிஸ்டிட் லிண்டன்மாயர் 1968ஆம் ஆண்டில் வகுத்த விதிமுறை அது. ஆனால் அந்த விதிப்படி தேயிலையை வளர்த்தால் மரம் வரும். தேயிலை இயல்பாகவே மரம்தான். கவ்வாத்து செய்து, கொழுந்து எடுத்து, இடுப்பளவில் நிறுத்தி வைத்திருப்பது மனிதக் கை. கணினியிலும் செடியை வளர்த்துவிட்டு அதன் தலையைத் தட்டையாக வெட்ட வேண்டியிருக்கிறது.

மாணவர்கள் தவறுவது எங்கே?

பல திட்டங்கள் சறுக்குவது இங்கேதான். மென்பொருளில் ஒரு பொத்தானைத் தட்டினால் செடிகள் தாறுமாறாகச் சிதறி நிற்கும். காட்டுக்கு அது பொருந்தும், தோட்டத்துக்குப் பொருந்தாது. சுங்கை பாலாஸ் சரிவுகளைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சியின் அடையாளமே செடிகளுக்கிடையே வளைந்து செல்லும் இடைவெளிக் கோடுகள்தான் என்பது தெரியும். தொழிலாளர்கள் கூடையோடு நடக்கும் பாதைகள் அவை.

ஜோன் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் 1929ஆம் ஆண்டில் போ தோட்டத்தைத் தொடங்கினார். காட்டை அழித்துச் செடி நட்ட கைகளில் தமிழர் கைகள் ஏராளம். இன்று கொழுந்து எடுப்பவர்களில் பலர் வங்காளதேசம், நேப்பாளம் போன்ற நாடுகளிலிருந்து வந்தவர்கள். இயற்கைக் காட்சி என்று பெயர் சொன்னாலும் அதன் ஒவ்வொரு கோடும் உழைப்பால் வரைந்தது. அந்தப் பாதைகளை விட்டுவிட்ட படம் எத்தனை பளபளப்பாக இருந்தாலும் கேமரன் மலையாகாது.

வெளிச்சத்திலும் கவனம் தேவை. மலேசியக் கடிகாரம் 120 பாகைத் தீர்க்கரேகையை ஒட்டியது. கேமரன் மலையோ 101 பாகையை அடுத்து இருக்கிறது. ஆகவே அங்கே சூரியன் உச்சிக்கு வருவது பிற்பகல் ஒன்றேகால் மணியளவில்தான். உச்சி வெயிலில் நிழல் குறுகிச் சரிவுகள் தட்டையாகத் தெரியும். காலை எட்டு மணிச் சாய்வெயிலும் பள்ளத்தாக்கில் மெல்லிய பனிமூட்டமும் வைத்தால் மலைக்கு ஆழம் வரும்.

எதைக் காட்டுவது, எதை மறைப்பது?

கடைசிக் கேள்வி மென்பொருளைப் பற்றியதல்ல. கம்போங் ராஜா, பெர்த்தாம் பள்ளத்தாக்கு ஆகிய இடங்களில் சரிவுகளைப் பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டங்கள் மூடியிருக்கின்றன. வெட்டிய சரிவுகளிலிருந்து அடித்து வரும் மண் ரிங்லெட் நீர்த்தேக்கத்தில் படிகிறது. 2013ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் தேதி அதிகாலையில், கனமழைக்குப் பின் சுல்தான் அபு பாக்கார் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட நீர் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் புகுந்து உயிர்களைப் பலி கொண்டது. காட்சி அழகுக்காக இவற்றை விட்டுவிடலாமா என்பதை மாணவனே முடிவு செய்ய வேண்டும்.

மலையை எழுப்பிய அதே விவரங்களைக் கொண்டு இதையும் ஆராயலாம். 30 மீட்டர் இடைவெளியில் உள்ள இரு புள்ளிகளின் உயரம் 15 மீட்டர் வேறுபட்டால் சரிவு ஏறக்குறைய 27 பாகை. ஒவ்வொரு புள்ளியையும் சூழ்ந்த எட்டுப் புள்ளிகளில் எந்தப் பக்கம் இறக்கம் அதிகமோ அந்தப் பக்கம் நீர் ஓடும். இந்த எளிய கணக்கை மலை முழுவதற்கும் போட்டால் மழைநீர் எங்கே சேரும் என்பது திரையில் தெரிந்துவிடும். மதிப்பெண்ணுக்காகத் தொடங்கிய வேலை ஓர் ஊரின் பாதுகாப்பைப் பற்றிய பாடமாக விரிகிறது.

விடுமுறையில் பிள்ளைகளைக் கேமரன் மலைக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர், படம் எடுத்த பிறகு ஐந்து நிமிடம் கூடுதலாக அங்கே நிற்கட்டும். ஒரு தேயிலைச் செடியின் அடியில் குனிந்து பார்த்தால், பச்சை இலைகளுக்குக் கீழே பல பத்தாண்டுகளாக வெட்டுப்பட்டுத் தடித்த தண்டு தெரியும். கணினியில் செடியை உருவாக்கப் போகும் பிள்ளை முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.