சிசேரியன் தழும்பும் ஆஸ்பத்திரிச் சீட்டும்

தலைப்பிரசவம் தாய் வீட்டில் என்பது நம்மவர் வழக்கம். மட்டாஞ்சேரி கடைகளிலும் பண்டகசாலைகளிலும் வேலை பார்ப்போர் வீட்டுப் பெண்களில் பலரும், வளைகாப்பு முடிந்ததும் மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ ரெயில் ஏறுகிறார்கள். இரண்டாவது பிரசவத்தின்போது, மூத்த பிள்ளையின் படிப்பை உத்தேசித்துக் கொச்சியிலேயே தங்கிவிடுகிறார்கள்.

முதல் பிரசவம் சிசேரியனாக இருந்தால் இங்கேதான் சிக்கல். ஆபரேஷன் செய்த டாக்டர் ஓர் ஊரில்; அடுத்த பிரசவம் பார்க்கும் டாக்டர் வேறோர் ஊரில். இருவரையும் இணைப்பது ஒரு டிஸ்சார்ஜ் சீட்டுதான். அதுவோ பெரும்பாலும் ஊரில், பெட்டியின் அடியில் கிடக்கிறது!

சீசர் கதை

ஜூலியஸ் சீசர் இப்படிப் பிறந்ததால்தான் இந்தப் பெயர் வந்தது என்பார்கள். அது சரியல்ல. சீசர் வளர்ந்து போர்க்களம் சென்ற காலத்திலும் அவர் தாய் அவுரேலியா உயிருடன் இருந்தார். பழங்காலத்தில் தாய் இறந்த பிறகோ, இனிப் பிழைக்கமாட்டாள் என்ற நிலையிலோதான் வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுப்பார்கள்.

1847-ல் பிரசவத்துக்கு மயக்க மருந்து வந்தது. ஆனாலும் ரத்தப்போக்காலும் சீழ் பிடித்தும் தாய்மார்கள் இறந்தார்கள். கருப்பையைத் தைக்காமலே விட்டதும் அதற்கு ஒரு காரணம். 1876-ல் இத்தாலிய டாக்டர் போரோ, கருப்பையையே அகற்றித் தாயைக் காப்பாற்றினார். 1882-ல் ஜெர்மன் டாக்டர் மாக்ஸ் சாங்கர், கருப்பையைத் தைத்து மூடும் முறையைக் காட்டினார். தாயும் பிழைத்தாள், அவளுடைய கருப்பையும் தப்பியது.

கேரளத்தில் முதல் சிசேரியனை 1920-ல் செய்தவர் டாக்டர் மேரி புன்னன் லூக்கோஸ் என்று கூறப்படுகிறது. லண்டனில் மருத்துவம் படித்துத் திரும்பி, திருவனந்தபுரம் தைக்காடு ஆஸ்பத்திரியில் பணிபுரிந்தவர். 1938-ல் திருவிதாங்கூர் சர்ஜன் ஜெனரல் ஆனார்.

பத்தில் நான்கு

அன்று அபூர்வமாக இருந்த ஆபரேஷன் இன்று சாதாரணமாகிவிட்டது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, கேரளத்தில் நூற்றுக்கு 39 பிரசவங்கள் சிசேரியன், தமிழ்நாட்டில் 45. பத்து சதவீதத்துக்கு மேல் போவதால் ஒரு நாட்டில் சாவுகள் மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று 2015-ல் உலகச் சுகாதார நிறுவனம் கூறியது. அதற்காக, தேவைப்படும் பெண்ணுக்குத் தயங்கவும் கூடாது. குழந்தை குறுக்கே கிடந்தாலோ, நஞ்சு வழியை மறைத்தாலோ, உயிர் காப்பது இந்தக் கத்திதான்.

அடுத்த பிரசவம்

தழும்பு ஆறிவிட்டது என்று அலட்சியமாக இருக்கலாகாது. அடுத்த பிரசவ வலியில் உள்ளே உள்ள தழும்பு விட்டுப்போகலாம். கருப்பையின் அடிப்பாகத்தில் குறுக்காக வெட்டியிருந்தால், வலி எடுத்துப் பிரசவிக்க முயல்வோரில் சுமார் இருநூறில் ஒருவருக்கே இப்படி நேரும். மேல்பாகத்தில் நெடுக்காக வெட்டியிருந்தால் அபாயம் பல மடங்கு அதிகம். அவர்களை வலி வரும்வரை விடமாட்டார்கள். தோலில் தெரியும் தழும்பை வைத்து உள்ளே எந்த வெட்டு என்று சொல்ல முடியாது. சீட்டுதான் சொல்லும்.

நஞ்சு பழைய தழும்பின்மேல் ஒட்டிக்கொண்டு கடும் ரத்தப்போக்கு உண்டாவதும் உண்டு. ஒவ்வொரு சிசேரியனுக்கும் இந்த அபாயம் கூடும். ஸ்கேன் எடுக்கும்போதே பழைய ஆபரேஷனைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

செய்ய வேண்டியவை

ஆபரேஷன் ஏன் செய்தார்கள், கருப்பையில் எந்த வெட்டு, ரத்தம் ஏற்றினார்களா என்பவை சீட்டில் இருக்கின்றனவா என்று வீடு திரும்புமுன் கேட்டுக்கொள்ளுங்கள். சீட்டுக்கு இரண்டு நகல் எடுத்து, ஒன்றைக் கொச்சியில் வையுங்கள். அடுத்த கர்ப்பத்துக்கு ஒன்றரை இரண்டு வருடமாவது இடைவெளி வேண்டும். வலி கண்டாலோ ரத்தம் பட்டாலோ வீட்டில் காத்திருக்கக் கூடாது.

செலவுக்கு அஞ்சவும் வேண்டாம். அரசு ஆஸ்பத்திரியில் பிரசவிக்கும் எல்லாப் பெண்களுக்கும் சிசேரியன், மருந்து, ரத்தம், உணவு ஆகியவை இலவசம் என்பது 2011-ல் மத்திய அரசு தொடங்கிய திட்டம். எந்த ஊர்க்காரரானாலும் இதைக் கேட்டுப் பெறலாம்.