கணிப்பொறியும் நாட்டுக் காவலும்

நாட்டைக் காப்பது என்றவுடன் பனிமலையில் துப்பாக்கியுடன் நிற்கும் வீரரே நம் கண்முன் தோன்றுவார். அந்தக் காவலில் ஒரு பங்கு, இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டில் இரவு ஷிப்டு பார்க்கும் காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும் உண்டு என்று சொன்னால் சிலர் சிரிக்கக்கூடும். கணிப்பொறி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கும் நானும் சென்ற ஆண்டு வரை சிரித்திருப்பேன்.

1998-இல் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கிய பிறகு எங்கள் பகுதியே மாறிவிட்டது. இன்று இருங்காட்டுக்கோட்டை முதல் ஒரகடம் வரை தொழிற்சாலைகள் கணிப்பொறியால் பின்னப்பட்டுக் கிடக்கின்றன. எத்தனை இருக்கை வேண்டும், எந்த வேளைக்குள் வந்து சேர வேண்டும் என்று உதிரிபாகக் கம்பெனிக்குச் சொல்வதும் கணிப்பொறியே. ஒன்று நின்றால் அடுத்ததும் நின்றுவிடும்.

இது வெறும் கற்பனை அன்று. 2017 மே 12-ஆம் நாள் ‘வான்னாக்ரை’ என்னும் கிருமி உலகெங்கும் பரவிற்று. கணிப்பொறியிலுள்ள கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு, திறக்க வேண்டுமானால் முந்நூறு டாலர் கொடு என்று கேட்கும் கிருமி அது. சுமார் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்பொறிகள் மாட்டிக்கொண்டன. இங்கிலாந்தில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. ஒரகடத்திலுள்ள ரெனால்ட்-நிசான் தொழிற்சாலையும் தப்பவில்லை. எங்கோ நடக்கும் யுத்தம் என்று நாம் நினைத்தது நம் பஸ் நிறுத்தத்துக்கே வந்துவிட்டது.

அது எப்படிப் பரவிற்று என்பதுதான் சிந்திக்க வேண்டிய செய்தி. விண்டோஸில் இருந்த ஓர் ஓட்டையை அமெரிக்கப் பாதுகாப்புத் துறையைச் சேர்ந்த தேசியப் பாதுகாப்பு முகமை கண்டுபிடித்து, வெளியே சொல்லாமல், தன் ஆயுதமாக வைத்திருந்தது. அந்த ஆயுதம் களவு போயிற்று. 2017 மார்ச் 14-இல் மைக்ரோசாப்ட் ஓட்டையை அடைக்கும் பேட்சை வெளியிட்டது. ஒரு மாதம் கழித்து, ஏப்ரல் 14-இல், களவாடியவர்கள் ஆயுதத்தை எல்லோரும் எடுத்துக்கொள்ளும்படி வெளியிட்டனர். பேட்சைப் போடாதவர்கள் மே மாதத்தில் அழுதார்கள். ஓடும் எந்திரத்தை நிறுத்தி பேட்ச் போட எந்தக் கம்பெனிக்கு மனம் வரும்? அதுவும் ஒரு காரணம்.

கிருமியை அடக்கியவர் யார்? இராணுவம் அன்று. மார்க்கஸ் ஹட்சின்ஸ் என்னும் இருபத்திரண்டு வயது ஆங்கிலேய இளைஞர். பெரும்பாலும் தானாகவே கற்றவர். கிருமி ஏதோ ஓர் இணைய முகவரியைத் தேடுவதைக் கண்டு, அது எங்கெல்லாம் பரவுகிறது என்று பார்ப்பதற்காகச் சுமார் பத்து டாலர் செலவில் அந்த முகவரியைத் தம் பேரில் பதிவு செய்தார். முகவரி உயிர் பெற்றதும் கிருமி அடங்கிவிட்டது. அவரே எதிர்பாராதது அது! (சில மாதங்களில், சிறுவயதில் அவர் செய்த பழைய கணிப்பொறிக் குற்றத்துக்காக அமெரிக்காவில் கைதானார் என்பதையும் மறைக்கக் கூடாது.)

இராணுவமும் கல்விக்கூடமும் இதில் கைகோப்பது புதிதன்று. 1988 நவம்பரில் கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் விட்ட ‘புழு’ அன்றைய இணையத்தை முடக்கியபோது, பல்கலைக்கழகத்தார் கண்விழித்து அதைப் பிரித்து ஆராய்ந்தனர். அதே மாதம் அமெரிக்க இராணுவ ஆராய்ச்சி நிறுவனமான ‘தார்ப்பா’, கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் ‘செர்ட்’ என்னும் அவசர உதவி மையத்தை அமைத்தது. அதன் வழியிலேயே நம் நாட்டில் 2004-இல் ‘செர்ட்-இன்’ தொடங்கப்பட்டது. அதற்கு முன்பே, 2002-இல், அப்துல் கலாம் அவர்களின் முயற்சியால் உருவான ‘செட்ஸ்’ என்னும் ஆய்வுச் சங்கம் சென்னையில் இயங்கி வருகிறது.

இனி நம் மாநிலத்துக்கே வருவோம். 2019 செப்டம்பர் 4-இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் கிருமி புகுந்திருப்பதை செர்ட்-இன் தெரிவித்தது. அரசுப் பணியில் முன்பு இருந்த புக்ராஜ் சிங் என்பவர், தமக்கு வேறொருவர் மூலம் கிடைத்த தகவலை, தேசிய இணையப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளரான லெப்டினன்ட் ஜெனரல் ராஜேஷ் பந்த் அவர்களுக்குச் சொல்லியிருந்தார். தனி மனிதர், தளபதி, அரசு நிறுவனம் என்று சங்கிலி ஒழுங்காகவே வேலை செய்தது. ஆயினும் அக்டோபர் இறுதியில் செய்தி வெளியே வந்தபோது, 29-ஆம் நாள், நிலையம் அத்தகைய தாக்குதல் இயலாது என்று மறுத்தது. மறுநாளே அணுமின் கழகம் உண்மையை ஒப்புக்கொண்டது. கிருமி இருந்தது நிர்வாகப் பணிக்கான, இணையத்தோடு சேர்ந்த கணிப்பொறியில். உலையின் கட்டுப்பாட்டில் அன்று. முதல் நாளே இதைச் சொல்லியிருந்தால் மக்கள் பயந்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம்.

2022 ஏப்ரலில் செர்ட்-இன் ஓர் உத்தரவு போட்டது. தாக்குதல் நேர்ந்தால், கவனித்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். நல்ல விதி. ஆனால் முதலில் கவனிப்பவர் யார்?

என் அண்ணன் பத்தாவதோடு நின்று, ஓர் உதிரிபாகக் கம்பெனியில் வேலை செய்கிறார். எங்கள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த நான், அவர் சம்பளத்தில்தான் படிக்கிறேன். ஓர் இரவு பார்கோடு ஸ்டிக்கர் அடிக்கும் கணிப்பொறியில் கோப்புகள் ஒவ்வொன்றாகத் திறக்காமல் போயின, பெயர்களெல்லாம் மாறின. யாரோ பாட்டுக் கேட்கப் பென்டிரைவைச் சொருகியிருந்தார்களாம். அண்ணன் நெட்வொர்க் வயரைப் பிடுங்கிவிட்டு சூப்பர்வைசரிடம் ஓடினார். அதனால் பக்கத்துக் கணிப்பொறிகள் தப்பின. பாடப் புத்தகம் சொல்லும் முதலுதவியும் அதுவே. காலையில் அவருக்குக் கிடைத்தது, “யாரைக் கேட்டு வயரைத் தொட்டாய்?” என்ற கேள்வியும், அரை நாள் சம்பள வெட்டும்.

“இனிமேல் எது நடந்தாலும் நான் பார்க்கவில்லை” என்று அன்று வீட்டில் சொன்னார். நாட்டின் ஆறு மணி நேரக் கணக்கு அந்த வாக்கியத்தில் நின்றுவிடுகிறது என்று எனக்குப் பட்டது. தில்லியில் தளபதியும், தரமணியில் விஞ்ஞானியும் எவ்வளவு விழிப்பாக இருந்து என்ன பயன்?

விடுமுறையில் ஓர் அட்டையில், ‘கணிப்பொறியில் மாறுதல் தெரிந்தால் முதலில் வயரை எடு, பிறகு சொல்’ என்று தமிழில் எழுதி அண்ணனிடம் கொடுத்தேன். எந்திரத்தின் அருகில் ஒட்ட அனுமதி கிடைக்கவில்லை. சாப்பாட்டு அறையில், தண்ணீர்க் குழாய்க்கு மேலே ஒட்டியிருக்கிறாராம். இதுவரை யாரும் கிழிக்கவில்லை.