மண்வாசனைக்குச் சொந்தக்காரர்

ஆய்வகத்தில் ஒரு கண்ணாடித் தட்டில் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பாக்டீரியாவை வளர்த்து, சில நாள் கழித்து மூடியைத் திறந்தால், கோடை மழையின் முதல் தூறலில் எழும் அதே மண்வாசனை வரும். தட்டில் இருப்பது அகர் கூழும் அதன்மேல் படர்ந்த சாம்பல் நிறப் படலமும்தான். மண் ஒரு சிட்டிகைகூடக் கிடையாது. மண்வாசனை என்று நாம் கொண்டாடுவதில் பெரும்பங்கு மண்ணுக்குள் வாழும் ஓர் உயிருடையது.

இந்த வாசனையைப் பிடித்து வைக்கும் வித்தை விஞ்ஞானிகளுக்கு முன்பே நம் நாட்டில் இருந்தது. உத்தரப் பிரதேசத்தின் கன்னோஜ் நகரில் சுட்ட களிமண்ணைச் செப்புப் பாத்திரத்தில் தண்ணீரோடு காய்ச்சி, ஆவியை மூங்கில் குழாய் வழியாகச் சந்தன எண்ணெயில் இறக்குகிறார்கள். அதுதான் மண் அத்தர். ஆஸ்திரேலியாவில் இசபெல் பேர், ரிச்சர்ட் தாமஸ் என்ற இரு வேதியியலாளர்கள் காய்ந்த பாறைகளையும் களிமண்ணையும் நீராவியில் வடித்து மஞ்சள் நிற எண்ணெய் ஒன்றைப் பிரித்தெடுத்தார்கள். 1964இல் ‘நேச்சர்’ இதழில் வந்த தங்கள் கட்டுரையில் அவர்கள் இந்த இந்திய அத்தரையும் குறிப்பிட்டார்கள். கன்னோஜ் கைவினைஞர்களுக்கு அறிவியல் உலகம் அளித்த அந்த மரியாதை எனக்கு மிகவும் பிடிக்கும். அடுத்த ஆண்டு அதே இருவரும் இன்னொன்றைக் கண்டார்கள்: இந்த எண்ணெய் விதை முளைப்பதைத் தாமதப்படுத்துகிறது.

அதே 1965இல் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் நான்சி கெர்பர், ஹியூபர்ட் லெஷெவாலியே இருவரும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற பாக்டீரியாக்கள் வெளியிடும் வாசனைப் பொருளைத் தனியே பிரித்து ஜியோஸ்மின் என்று பெயரிட்டார்கள். லட்சம் கோடிப் பங்கில் சில பங்கு கலந்திருந்தாலே மனித மூக்கு அதைக் கண்டுகொள்ளும். பீட்ரூட்டை நறுக்கும்போது வரும் மண் வாடையும் இதுதான்.

தரையில் கிடக்கும் பொருள் மூக்குக்கு எப்படி வருகிறது? அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் யங் சூ ஜூங், கல்லன் பியூயி இருவரும் மழைத்துளி விழுவதை அதிவேகக் கேமராவில் படம்பிடித்து 2015இல் விடையை வெளியிட்டார்கள். நுண்துளைகள் உள்ள தரையில் துளி விழும்போது அடியில் காற்று மாட்டிக்கொள்கிறது. அது குமிழியாகத் துளிக்குள் ஏறி மேற்பரப்பில் வெடிக்கிறது. சோடாவைத் தம்ளரில் ஊற்றினால் மூக்கில் தெறிக்கும் சாரல் போல, தரையிலுள்ள வாசனைப் பொருளோடு நுண்துளிகள் காற்றில் பறக்கின்றன. லேசான மழையிலும் மிதமான மழையிலும்தான் இது நன்றாக நடக்கிறது. அடைமழையில் குறைந்துவிடுகிறது. தூறலில் வரும் வாசனை கொட்டும் மழையில் ஏன் வருவதில்லை என்ற கேள்விக்கும் இங்கே பதில் இருக்கிறது.

ஒரு பாக்டீரியா எதற்காகச் சிரமப்பட்டு இப்படி ஒரு வாசனையைத் தயாரிக்க வேண்டும்? இது நமக்காக அல்ல. மண்ணில் ஸ்பிரிங்டெயில் என்ற, பூச்சிகளுக்கு நெருங்கிய உறவான சிற்றுயிர்கள் உண்டு. ஓரிரு மில்லிமீட்டர் நீளம்தான், ஆறு கால். ஆபத்து என்றால் வயிற்றுக்கடியில் மடித்து வைத்திருக்கும் முட்கரண்டி போன்ற உறுப்பைத் தரையில் தட்டித் துள்ளும். ஜியோஸ்மின் வாசனை இவற்றை இழுக்கிறது என்று ஸ்வீடன், பிரிட்டன் விஞ்ஞானிகள் 2020இல் காட்டினார்கள். அவை வந்து பாக்டீரியாவைத் தின்கின்றன. ஆனால் ஸ்ட்ரெப்டோமைசிஸ் ஜியோஸ்மினைத் தயாரிப்பது வித்துகள் உருவாகும் தருணத்தில். அந்த வித்துகள் விருந்தாளியின் உடம்பில் ஒட்டிக்கொள்கின்றன. வயிற்றுக்குள் போனவையும் உயிரோடு எச்சத்தில் வெளியேறுகின்றன. தானாக நகர முடியாத பாக்டீரியா இப்படித்தான் ஊர்விட்டு ஊர் போகிறது.

இந்த வாசனை வேறு சிலருக்கும் சேதி சொல்கிறது. பழ ஈக்களுக்கு அது நஞ்சுள்ள நுண்ணுயிர் இருக்கும் இடம். அதைக் கண்டுபிடிக்கவென்றே தனி நரம்புப் பாதை அவற்றுக்கு உண்டு, விலகிப் பறந்துவிடும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவோ நேர்மாறு. நீலப்பச்சைப் பாசிகளும் ஜியோஸ்மினைத் தயாரிக்கின்றன. பாசி இருக்கும் தண்ணீரில் புழுவுக்குத் தீனி உண்டு. எனவே தாய்க்கொசு வாசனை பிடித்து வந்து முட்டையிடுகிறது. பீட்ரூட் தோலையே தூண்டிலாக வைத்து இந்தக் கொசுக்களை ஈர்க்கலாம் என்றும் சோதித்திருக்கிறார்கள்.

குளத்து மீனில் வரும் சேற்று வாடைக்கும் பெரும்பாலும் இதுவே காரணம். உடலுக்குக் கெடுதல் இல்லை. அமிலம் பட்டால் ஜியோஸ்மின் மணமற்ற வேறொரு பொருளாக மாறும் இயல்புடையது. குளத்து மீனுக்குப் புளி தாராளமாக ஊற்றும் சமையலில் நல்ல வேதியியல் இருக்கிறது.

ஸ்ட்ரெப்டோமைசிஸின் பெரிய கொடை வேறு. தன் இடத்தைக் காத்துக்கொள்ள அது மற்ற நுண்ணுயிர்களைக் கொல்லும் பொருள்களைச் சுரக்கிறது. 1943இல் அதே ரட்கர்ஸில், எரு போட்ட வயல் மண்ணிலிருந்து எடுத்த ஸ்ட்ரெப்டோமைசிஸ் கிரிசியஸில் 23 வயது மாணவர் ஆல்பர்ட் ஷாட்ஸ் ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டார். காசநோய்க்கு உருப்படியான மருந்து என்று உலகத்தில் முதலில் கிடைத்தது அதுதான். 1952 நோபல் பரிசு அவருடைய பேராசிரியர் செல்மன் வாக்ஸ்மனுக்கு மட்டும் கொடுக்கப்பட்டது. அது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். பிறகு வரிசையாக மருந்துகள் வந்தன. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையில் இயங்கிய லெடர்லே ஆய்வகத்தில் ஆரியோமைசின் கிடைத்தது. ஜப்பானின் சதோஷி ஒமுரா எடுத்த மண்ணிலிருந்து ஐவர்மெக்டின் பிறந்தது.

ஆனால் மருந்து வந்த வேகத்திலேயே எதிர்ப்பும் வந்தது. பிரிட்டனில் 1948இல் வெளியான சோதனையில், ஸ்ட்ரெப்டோமைசின் பெற்ற 55 பேரில் ஆறு மாதத்துக்குள் இறந்தவர்கள் 4 பேர், பெறாத 52 பேரில் 14 பேர். பிரமாதமான வெற்றிதான். ஆனால் அந்த மருந்தை மட்டும் பெற்றவர்களில் பலருடைய உடம்பில் கிருமி மருந்துக்கு மசியாததாக மாறியது, நோய் திரும்பியது. மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தால்தான் கிருமி தப்பிக்காது என்று அப்போது புரிந்தது. அப்படிச் சேர்த்துக் கொடுப்பதை ஏழைகளின் வீடுகளிலேயே சாத்தியமாக்கிக் காட்டியது நம் சென்னை. சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டவர்களும் சானடோரியத்தில் தங்கியவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்ததை 1959இல் நிரூபித்தது. வாரம் இருமுறை ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியையும் ஐசோனியசிட் மாத்திரையையும் ஊழியர் கண்முன் கொடுக்கும் முறையை 1964இல் வெளியிட்டது. உலகம் முழுக்கக் காசநோய்க்கு நேரில் பார்த்து மருந்து கொடுக்கும் வழக்கத்தின் வேர் சேத்துப்பட்டில் இருக்கிறது.

மண்ணிலிருந்து ஆன்டிபயாடிக்குகள் அடுத்தடுத்துக் கிடைத்த காலம் 1960களோடு ஏறக்குறைய முடிந்துவிட்டது. அதன்பிறகு புத்தம்புது வகைகள் அபூர்வம். இருப்பதை வைத்துத்தான் நம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பிழைக்க வேண்டும். ஜலதோஷமும் ஃப்ளூ காய்ச்சலும் வைரஸால் வருபவை, அவற்றிடம் இந்த மருந்துகள் செல்லாது. எனவே சீட்டு இல்லாமல் மருந்துக்கடையில் ஆன்டிபயாடிக் கேட்டு வாங்காதீர்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்தால், அவர் சொன்ன நாள் வரை விடாமல் சாப்பிடுங்கள்.