கையில் லைசன்ஸ் இருந்தால் ஊர்ப் போட்டியில் ஓடலாமா?

டிசம்பர் 31 நெருங்குகிறது. சைக்கிளோட்டப் போட்டி லைசன்ஸ் அத்தனையும் அன்றோடு காலாவதி; கண்டியில் வாங்கியதும் பாரிஸில் வாங்கியதும் ஒரே நாளில்தான் முடியும். அடுத்த ஆண்டுக்குப் புதுப்பிப்பதா, விட்டுவிடுவதா என்று கேட்டு வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. கட்டுகஸ்தோட்டைத் தாய் ஒருவர் எழுதியிருப்பதை எடுத்துக்கொள்வோம். மகன் ஆண்டுதோறும் சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாவில் சைக்கிள் ஓடுகிறவன். பயிற்சி கொடுப்பவர், “லைசன்ஸ் எடுத்த பிறகு அந்தப் பக்கமே போகாதே” என்கிறாராம். ஊர்ச் சங்கத்தார், “அப்படி ஒன்றும் இல்லை தம்பி, வந்து ஓடு” என்கிறார்களாம். யார் சொல்வதைக் கேட்பது?

விதி பயிற்சியாளர் பக்கம் இருக்கிறது. நியாயம் எந்தப் பக்கம் என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

உலகச் சைக்கிள் ஓட்டத்தை ஆளும் அமைப்பு யூசிஐ. 1900இல் பாரிஸில் தொடங்கி, இன்று சுவிட்சர்லாந்தின் ஏகில் நகரிலிருந்து இயங்குகிறது. அதன் விதிப்புத்தகத்தில் ‘தடைசெய்யப்பட்ட போட்டிகள்’ என்றொரு பகுதி உண்டு. அங்கே 1.2.019ஆம் விதி சொல்வது இதுதான்: தேசிய, கண்ட, உலக நாட்காட்டி எதிலும் இடம்பெறாத போட்டியில், அல்லது தேசிய சம்மேளனமோ கண்டச் சம்மேளனமோ யூசிஐயோ அங்கீகரிக்காத போட்டியில், லைசன்ஸ் வைத்திருப்பவர் எவரும் பங்குபற்றக் கூடாது. மீறினால் ஒரு மாத இடைநிறுத்தம். கூடவே 50 முதல் 100 சுவிஸ் பிராங்க் அபராதம். நம் காசில் அது பல்லாயிரம் ரூபாய்.

விதி யாரைப் பிடிக்கிறது என்று கவனியுங்கள். போட்டியை நடத்துகிறவரை அது தொடவே இல்லை. சம்மேளனத்தோடு எந்த ஒப்பந்தமும் செய்யாத ஊர்ச் சங்கத்தை ஏகிலிலிருந்தோ கொழும்பிலிருந்தோ தண்டிக்க வழியில்லை. ஆகவே ஓடுகிற பிள்ளையைப் பிடிக்கிறார்கள். லைசன்ஸ் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும்போதே யூசிஐ யாப்புக்கும் விதிகளுக்கும் கட்டுப்படுவதாக அவன் எழுதிக் கொடுத்துவிடுகிறான். பெயர், நாடு, பிரிவு, பதினோரு இலக்க அடையாள எண் கொண்ட அந்தச் சிறிய அட்டையை இங்கே பலரும் தகுதிச் சான்றிதழாகத்தான் பார்க்கிறார்கள். சட்டப்படி அது ஓர் ஒப்பந்தம். ஒரு போட்டியாளரும் வராத போட்டி தானாகவே நின்றுபோகும் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் கணக்கு. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அதன் சுமை முழுவதும் ஆகச் சின்னவன் தலையில் இறங்குகிறது.

இதற்குச் சொல்லப்படும் காரணம் பாதுகாப்பு. அங்கீகாரம் பெற்ற போட்டி என்றால் தகுதியுள்ள நடுவர்கள், காப்புறுதி, அம்புலன்ஸ், ஊக்கமருந்துச் சோதனைக்கு வழி எல்லாம் இருக்கும் என்கிறார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஹெல்மட் போடாத கூட்டமொன்று தனியார் பஸ்களுக்கு நடுவே புகுந்து போகும் ஏப்ரல் மாதப் போட்டிகளைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் புரியும். ஆனால் பாதுகாப்புத்தான் நோக்கம் என்றால் விதி கேட்க வேண்டியது வேறு கேள்விகளை. வீதி மூடப்பட்டதா? வளைவுகளில் கொடியோடு ஆள் நின்றாரா? வைத்தியர் இருந்தாரா? 1.2.019 இவற்றில் ஒன்றையும் கேட்பதில்லை. அங்கீகரித்தவர் யார் என்ற ஒரே கேள்விதான் அதற்கு உண்டு. எல்லா ஏற்பாடும் ஒழுங்காகச் செய்த ஊர்ப் போட்டியும், ஒன்றுமே செய்யாத ஊர்ப் போட்டியும் அந்த விதியின் முன் ஒன்றுதான்.

கண்டிப் பிள்ளைகளுக்கு இது கூடுதலாக உறைப்பதற்குக் காரணம் நம் நிலம். சமவெளியில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது முன்னால் போகிறவரின் சக்கரத்தை ஒட்டிப் போனால் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு உழைப்பு மிச்சமாகும். அங்கே பெரிய அணிதான் வெல்லும். கடுகண்ணாவை ஏற்றத்தில் வேகம் குறையக் குறைய அந்த மிச்சமும் குறைந்துவிடும். அணியில்லாத ஒருவன் சொந்தக் காலை நம்பி முன்னுக்கு வரக்கூடிய இடம் அது. கம்பளை, புசல்லாவை, ரம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் ஏ5 வீதியும் அப்படித்தான்: 500 மீற்றர் உயரத்தில் தொடங்கி ஏறத்தாழ 1,870 மீற்றரில் முடிகிறது. ஹுன்னஸ்கிரிய தாண்டி மஹியங்கனைப் பக்கம் இறங்கும் பதினெட்டு வளைவுகளும் இருக்கின்றன. பணமும் அணியும் இல்லாத மலைநாட்டுப் பையன் தன் பலத்தைக் காட்ட ஏற்ற மைதானம் இந்த வீதிகள்தான். இங்கே உள்ளூர்ச் சங்கம் ஒன்று போட்டி வைத்தால் அதில் ஓடுவதற்குத் தடையாக நிற்பது அவன் காசு கொடுத்து வாங்கிய லைசன்ஸ். லைசன்ஸ் இல்லாத பக்கத்து வீட்டுக்காரனுக்கு அந்தத் தடை கிடையாது. லைசன்ஸ் இல்லாதவரை இந்த விதி கட்டுப்படுத்தாது.

அதே விதியில் இன்னொரு வாக்கியம் இருக்கிறது. தன் நாட்டில் நடக்கும் போட்டிகளுக்கு விசேட விலக்களிக்கத் தேசிய சம்மேளனத்துக்கு அதிகாரம் உண்டு. எந்த அடிப்படையில், எத்தனை நாளுக்குள் என்று அங்கே ஒரு சொல் கூட இல்லை. எனக்கு ஆகக் கவலை தருவது இந்த மௌனம்தான். எல்லாரும் மீறக்கூடிய ஒரு தடை, அதைத் தளர்த்தும் அதிகாரம் ஒரே கையில், அளவுகோல் எழுதப்படவில்லை. இப்படி ஒரு விதி ஆண்டுக்கணக்கில் தூங்கிக் கிடக்கலாம். நிர்வாகத்தைக் கேள்வி கேட்ட கழகத்தின் பையன் ஒருவன் மீது மட்டும் ஒரு நாள் விழித்துக்கொள்ளவும் செய்யலாம். அப்படி நடக்காது என்று சொல்கிறவர்கள் நல்ல மனிதர்களாக இருக்கலாம். பிள்ளைக்கு வேண்டியது எழுத்தில் ஓர் உறுதி.

தூங்கும் விதி விழித்த கதைக்கு அமெரிக்காவைப் பார்க்கலாம். 2013இல் இதை இனிக் கண்டிப்பாக அமுல்படுத்தப் போவதாக யூசிஐ அறிவித்தது. சம்மேளனத்துக்கு வெளியே நடக்கும் மலைச் சைக்கிள் போட்டிகள் அங்கே ஏராளம். அவற்றில் ஓடிவந்த தொழில்முறை வீரர்களும் ஏற்பாட்டாளர்களும் கொதித்தெழுந்தார்கள். எதிர்ப்பைப் பார்த்த யூசிஐ அமுலாக்கத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போட்டது. விதி மட்டும் புத்தகத்திலேயே இருந்தது.

இன்னும் பழைய உதாரணம் பிரித்தானியாவில். எல்லாரும் ஒன்றாகப் புறப்படும் வீதிப் போட்டியை அங்கே தேசிய சைக்கிளோட்டிகள் சங்கமே தடுத்து வைத்திருந்தது. பொலிஸார் கோபப்பட்டு எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம். 1942 ஜூன் 7ஆம் திகதி பெர்சி ஸ்டாலார்ட் என்பவர் லாங்கொலனிலிருந்து வுல்வர்ஹம்டன் வரை ஏறத்தாழ 95 கிலோமீட்டருக்கு ஒரு போட்டி நடத்தினார். வழியிலுள்ள பொலிஸாருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டார், அவர்கள் மறுக்கவில்லை. சங்கம்தான் அவரையும் ஓடியவர்களையும் தடை செய்தது. அவர்கள் அதே ஆண்டு தனி அமைப்புத் தொடங்கினார்கள். இரண்டு அமைப்பும் ஒன்றாகச் சேர 1959 வரை பிடித்தது. இன்று அந்த நாட்டின் பெருமையாக இருப்பது அப்போது தடுத்த அதே வீதிப் போட்டிதான்.

சட்டமும் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்திருக்கிறது, வேறொரு விளையாட்டின் மூலமாக. சர்வதேசப் பனிச்சறுக்கு ஓட்ட ஒன்றியத்திலும் இதே மாதிரி விதி இருந்தது. தண்டனை ஆயுள் தடை வரை போகும். துபாயில் நடக்கவிருந்த ஒரு போட்டியில் ஓட விரும்பிய மார்க் டுய்டேர்ட், நீல்ஸ் கெர்ஸ்தோல்ட் என்ற இரு நெதர்லாந்து வீரர்கள் முறையிட்டார்கள். அந்த விதி போட்டிச் சட்டத்துக்கு முரண் என்று ஐரோப்பிய ஆணைக்குழு 2017 டிசம்பரில் தீர்மானித்தது. 2023 டிசம்பர் 21ஆம் திகதி ஐரோப்பிய நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. போட்டி நடத்திச் சம்பாதிக்கும் அமைப்பே பிறர் நடத்தும் போட்டிக்கு அனுமதி கொடுக்கும் அமைப்பாகவும் இருந்தால், அந்த அனுமதிக்கு வெளிப்படையான, பாரபட்சமற்ற அளவுகோல் இருந்தாக வேண்டும் என்பதே அதன் சாரம். அந்தத் தீர்ப்பு கண்டி வரை செல்லுபடியாகாது. அதன் தர்க்கத்தை நம் சம்மேளனம் பின்பற்ற யாருடைய உத்தரவும் தேவையில்லை.

இலங்கையில் முடிச்சு இன்னும் ஒன்று இறுகுகிறது. ஒரு நாட்டுக்கு ஒரு சம்மேளனம் என்பது யூசிஐ கொள்கை. அது அரச தலையீடில்லாமல் இயங்க வேண்டும் என்பதும் அதன் நிபந்தனை. நம்மிடம் இருப்பதோ 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம். அதன்படி தேசிய விளையாட்டுச் சங்கங்கள் அரசிடம் பதிவு பெற வேண்டும். பதிவை இடைநிறுத்தவும் இரத்துச் செய்யவும் அமைச்சருக்கு அதிகாரம் உண்டு. இவை இரண்டும் மோதினால் என்ன ஆகும் என்பதைக் கிரிக்கெட்டில் கண்டோம். 2023 நவம்பரில் அமைச்சர் நிர்வாகத்தைக் கலைத்து இடைக்காலக் குழு அமைத்தார். மறுநாளே மேன்முறையீட்டு நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. அப்படியிருந்தும் நவம்பர் 10ஆம் திகதி ஐசிசி இலங்கையை இடைநிறுத்தியது. 2024 ஜனவரி இறுதியில்தான் அது நீங்கியது; அதற்குள் இங்கே நடக்கவிருந்த 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் தென்னாபிரிக்காவுக்குப் போய்விட்டது. 2023 ஜனவரி முதல் ஆகஸ்ட் வரை உதைபந்தாட்டச் சம்மேளனமும் பீபாவின் இடைநிறுத்தத்தில் இருந்தது.

இப்போது யூசிஐ விதியின் அடுத்த எண்ணைப் படியுங்கள். 1.2.020: இடைநிறுத்தப்பட்ட தேசிய சம்மேளனம் நடத்தும் நிகழ்ச்சியில் லைசன்ஸ் வைத்திருப்பவர் பங்குபற்றக் கூடாது. யாப்பில் சொன்ன ஒரு விலக்கைத் தவிர வேறு வழியில்லை. தண்டனையும் அதே ஒரு மாதம்தான். சம்மேளனத்துக்கு வெளியே ஓடினால் 019 பிடிக்கும். அமைச்சரும் சம்மேளனமும் மோதி, யூசிஐ கோபித்துக்கொண்டால் சம்மேளனத்துக்கு உள்ளே ஓடுவதை 020 பிடிக்கும். இரண்டு சண்டையிலும் கட்டுகஸ்தோட்டைப் பையனுக்கு ஒரு பங்கும் இல்லை. வீட்டில் இருக்க வேண்டியவன் அவன்தான்.

சரி, அந்தத் தாய்க்கு என்ன பதில்? லைசன்ஸ் புதுப்பிப்பதாக இருந்தால், ஏப்ரலில் போட்டி வைக்கும் ஊர்ச் சங்கத்திடம் இப்போதே சொல்லி, சம்மேளனத்துக்கு ஒரு கடிதம் எழுத வையுங்கள். அங்கீகாரம் அல்லது விசேட விலக்கு, இரண்டில் ஒன்றைக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். பயிற்சியாளர் தொலைபேசியில் கேட்டுச் சொல்லும் “பரவாயில்லையாம்” பின்னால் எதற்கும் உதவாது.

மே மாதம் வரை லைசன்ஸ் எடுக்காமல் இருந்தால்? இதைக் கேட்டு வந்த கடிதங்களும் உண்டு. ஜனவரி 1ஆம் திகதி முதல் கையில் லைசன்ஸ் இல்லாதவர் லைசன்ஸ் வைத்திருப்பவர் அல்லர். விதியின் சொற்படி ஏப்ரலில் தாராளமாக ஓடலாம். ஆனால் அந்த நான்கு மாதமும் லைசன்ஸ் கேட்கும் போட்டிகளை விட வேண்டிவரும். விமானப்படை ஆண்டு நிறைவையொட்டி நடக்கும் பெரிய சைக்கிளோட்டம் போன்றவை மார்ச் தொடக்கத்திலேயே வருகின்றன. அவற்றின் நுழைவு நிபந்தனையை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். திறமையுள்ள பிள்ளையை முறையான அமைப்பிலிருந்து நான்கு மாதம் தள்ளியிருக்கச் சொல்கிற விதியைப் பாதுகாப்பு விதி என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக.

அமெச்சூர் லைசன்ஸ் எங்கே? அப்படியொரு பிரிவு இப்போது இல்லை. அமெச்சூர், தொழில்முறை அமைப்புகள் 1992இல் ஒன்றாயின. இன்று வயதுதான் கணக்கு.

வயதை எப்படிப் பார்ப்பார்கள்? போட்டி ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழிப்பார்கள். டிசம்பரில் பிறந்த பிள்ளைக்கும் ஜனவரியிலேயே ஒரு வயது கூடிவிடும். 17, 18 ஜூனியர்.

தேசிய விளையாட்டு விழா அரசு நடத்துவதுதானே? அரசு நடத்துவதாலேயே யூசிஐ விதிப்படி அங்கீகாரம் வந்துவிடாது. அறிவித்தலில் சம்மேளனத்தின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள்.

கட்டாரில் வேலை செய்யும் தம்பி எங்கே எடுப்பது? வசிக்கும் நாட்டுச் சம்மேளனத்தில், தேசியம் மாறாது.

சம்மேளன அனுமதி இருந்தால் வீதி கிடைத்துவிடுமா? கிடைக்காது. பொலிஸ் அனுமதி தனி. ஏ, பி வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், சி, டி வீதிகள் மாகாணத்துக்கும், மற்றவை மாநகர சபைக்கோ பிரதேச சபைக்கோ உரியவை.

காப்புறுதி ஊர்ப் போட்டிக்கும் சேருமா? பத்திரத்தை வாசியுங்கள்; ‘அங்கீகரிக்கப்பட்ட போட்டி’ என்றிருந்தால் சேராது.

சாதாரண சைக்கிள் பிரிவில் ஓடினாலும் விதி பொருந்துமா? பொருந்தும்; விதி பார்ப்பது ஆளை, சைக்கிளை அல்ல.